ஆடியில் விதைத்தது ஏன் காய்ந்தது? கோலாலம்பூர் வீட்டுத்தோட்டத்துக்குப் பருவம் எது?

செந்தூலில் வரிசை வீடு, பின்பக்கம் சிமெண்டுத் தரை, பாலிபேக்கில் மிளகாயும் தக்காளியும், வேலியோரம் ஒரு முருங்கை என்று எழுதியிருக்கிறீர்கள். தோட்டப்புறத்தில் வளர்ந்த அம்மா ஆடியில் விதைக்கச் சொன்னார், விதைத்தீர்கள், முளைத்ததில் பாதி வாடிப் போனது, மிச்சம் நின்றது தீபாவளி சமயத்து மழையில் அழுகியது, தக்காளி பூத்ததோடு சரி. "பருவமே கெட்டுப் போச்சா, இனிமே எப்பதான் விதைக்கிறது?" என்று முடித்திருக்கிறீர்கள். மாதம் கேட்பது போலத் தெரிந்தாலும் நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது, நடந்ததில் பருவநிலை மாற்றத்தின் பங்கு எவ்வளவு, நம் கையில் இருப்பது எவ்வளவு என்பதைத்தான் என்று எனக்குப் படுகிறது. நான் விவசாயம் படித்தவன், சுங்கை பூலோ பக்கம் நாற்றுக்கடையில் பல வருடமாக இருக்கிறேன், இதே கேள்வியோடு வாடிய செடியைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஆடி. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது தமிழ்நாட்டு நிலத்தைப் பார்த்துச் சொன்னது, அங்கே அது சரியான கணக்கு. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை விதைத்தால், செடி வேர் பிடித்து நிமிரும் நேரத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழை வந்து சேரும். கோலாலம்பூரில் அந்த நேரம் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். காற்று கடல் தாண்டி வந்தாலும் நடுவில் சுமத்ரா மலைகள் குறுக்கே நிற்கின்றன, ஈரத்தில் பெரும்பங்கு அந்தப் பக்கமே இறங்கிவிடுகிறது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் தொடக்கம் வரை இங்கே மழை குறைவு, வெயில் கடுமை. நூறு வருடத்துக்கு முன்பு இதே இடத்தில் ஆடியில் விதைத்துத் தண்ணீர் சரியாக ஊற்றாமல் விட்டிருந்தாலும் காய்ந்துதான் போயிருக்கும். ஆகவே இந்தப் பாதிக்குப் பருவநிலை மாற்றத்தின் மேல் பழி போட முடியாது.

ஆனால் அம்மாவுக்கு இந்த நாட்டுப் பருவம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய குடும்பங்களுக்கு வானிலை என்பது சம்பளக் கணக்கு. விடியற்காலையில் மழை பிடித்தால் பட்டை நனைந்து வெட்டு நின்றுவிடும், அன்றைய கூலி போய்விடும். வருடத் தொடக்கத்தில், பிப்ரவரி மார்ச் வாக்கில், வறட்சி பார்த்து மரம் இலை கொட்டும், பால் குறையும், அப்புறம் செம்பு நிறத்தில் புதுத் தளிர் வரும். அவரிடம் ஆடியைப் பற்றிக் கேட்காமல், "எந்த மாசம் இலை கொட்டும், எந்த மாசம் அதிகமா வெட்டு நின்னுச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு வேண்டிய பஞ்சாங்கம் அந்தப் பதிலில் இருக்கிறது.

நம் ஊர்க் கணக்கு இப்படி. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று, மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கு. வடகிழக்குக் காற்று கிளந்தான், திரங்கானு பக்கம் கொட்டித் தீர்க்கும், தித்திவாங்சா மலை நடுவில் இருப்பதால் மேற்குக் கரைக்கு அதே அளவு வராது. கோலாலம்பூரில் மழை உச்சத்துக்குப் போவது இந்த இரண்டு காற்றும் மாறுகிற இடைக்காலத்தில்தான்: மார்ச் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை ஒன்று, அக்டோபர், நவம்பர் இன்னொன்று. காலையில் பளீர் வெயில், மூன்று நான்கு மணிக்கு இடியோடு மழை, ஆபீஸ் விடுகிற நேரத்தில் சாலையில் தண்ணீர், இது அந்த மாதங்களின் வழக்கம். தீபாவளி பெரும்பாலும் அந்த இரண்டாவது உச்சத்துக்குள் விழுவதால்தான் வருடா வருடம் பலகாரம் சுடுகிற வாரத்தில் மழையைத் திட்டுகிறோம். பினாங்கில் கணக்குக் கொஞ்சம் வேறு: அங்கே ஜனவரி, பிப்ரவரி நல்ல வறட்சி, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிறவர்களுக்குத் தார் ரோடு காலைச் சுடும். செப்டம்பர், அக்டோபர்தான் கனமழை. அதனால் பினாங்கு நண்பர் சொன்ன மாதத்தை அப்படியே செந்தூலில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூர் பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே மூன்று டிகிரியில்தான் இருக்கிறது, பகல் நீளம் வருடம் முழுவதும் பார்த்தாலும் இருபது நிமிடத்துக்கு மேல் பெரிதாக மாறாது. குளிர்காலமும் இல்லை. அப்படியானால் மரங்கள் எதை வைத்துப் பூக்கின்றன? அநேகமாக வறட்சியை வைத்து. பினாங்கின் பாலேக் பூலாவ் டுரியான் மரத்துக்கு வருடத் தொடக்கத்தில் ஒன்றிரண்டு வாரம் மழை இல்லாத இடைவெளி கிடைத்தால் பூமொட்டு எடுக்கும், அந்தப் பூ நின்றால் மே, ஜூனில் பழம். பூக்கிற நேரத்தில் பெருமழை அடித்தால் பூ கீழே. கோலாலம்பூர் சாலையோரத்தில் இளஞ்சிவப்பாக டெக்கோமா பூத்துக் குலுங்குகிறதே, அதற்கும் முன்னால் ஒரு வறண்ட இடைவெளி இருந்திருக்கும். உங்கள் வீட்டு மல்லிகையும் முருங்கையும் இதே ஜாதி. முருங்கை பூத்துக் காய் நிற்கவில்லை என்றால், அந்த வாரங்களில் தினமும் சாயங்கால மழையா என்று முதலில் பாருங்கள். வேரில் தண்ணீர் நின்றால் முருங்கை பூவை உதிர்க்கும், இலையை மஞ்சளாக்கும், விட்டால் வேரே அழுகிவிடும்.

சரி, அப்படியானால் எதுவும் மாறவில்லையா என்றால், மாறியிருக்கிறது. உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் சொல்கிறேன். வெப்பம் ஏறியிருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. உலக அளவில் பதிவு தொடங்கியதிலிருந்து 2024தான் அதிக வெப்பமான வருடம். தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் சுமார் ஒன்றரை டிகிரி கூடுதல். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகிற எல் நினோ வருடங்களில் நம் பக்கம் அது இன்னும் சுள்ளென்று தெரியும். மலேசியாவின் உச்ச வெப்பப் பதிவான 40.1 டிகிரி, பெர்லிஸ் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9ஆம் தேதி, ஒரு பெரிய எல் நினோவின் முடிவில் வந்தது. 2016 ஏப்ரலில் பெர்லிஸ், கெடாவில் வெயிலுக்காகப் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள்.

ஆனால் தோட்டக்காரர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல நினைப்பது மத்தியான வெயிலைப் பற்றி இல்லை, இரவைப் பற்றி. செடி பகலில் வெளிச்சத்தைக் கொண்டு சர்க்கரை தயாரிக்கிறது, இரவில் மூச்சுவிட்டு அதில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. இரவு சூடாக இருந்தால் செலவு கூடும், காய்க்கு மிஞ்சுவது குறையும். பிலிப்பீன்ஸில் இருக்கும் அனைத்துலக நெல் ஆய்வுக் கழகத்தின் வயல் கணக்கை வைத்து 2004இல் வந்த ஆய்வு ஒன்று, வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் நெல் விளைச்சல் சுமார் 10 விழுக்காடு குறைந்ததாகச் சொன்னது. அந்த 10 சரியா என்று பின்னால் விவாதம் நடந்தது, ஆனால் இரவுச் சூடு விளைச்சலைக் குறைக்கிறது என்பதை நெல் ஆராய்ச்சியில் இருக்கிற யாரும் மறுப்பதில்லை. நகரத்தில் இதன்மேல் இன்னொரு சுமை: சிமெண்டும் தாரும் பகலெல்லாம் குடித்த சூட்டை இரவில் விடுகின்றன. உங்கள் பின்கட்டில் இரவு பத்து மணிக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், புரியும். இந்தச் சூட்டில் எவ்வளவு உலகப் பருவநிலையால், எவ்வளவு நகரம் கட்டியதால் என்று ஒரு வீட்டளவில் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் கூட்டாகத்தான் வேலை செய்கின்றன.

உங்கள் தக்காளி பூத்தும் காய்க்காததற்கு விடை இங்கேதான். பகல் 32 டிகிரிக்கு மேலே போய், இரவு 24க்குக் கீழே இறங்காமல் நின்றால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடுகிறது. பூ அழகாக மஞ்சளாக வரும், இரண்டு மூன்று நாளில் காம்பு மூட்டோடு பழுத்து விழும். கேமரன் மலையில் நன்றாக வருகிற தக்காளி ரகத்தைக் கீழே கொண்டுவந்து வைத்தால் இப்படித்தான். உரத்தைக் கூட்டினால் இலைதான் கொழுக்கும். தாழ்நிலத்துக்கு என்று வரும் ரகம், அதிலும் சின்னப் பழ ரகம் வையுங்கள், இல்லையென்றால் தக்காளியை விட்டுவிட்டு வெண்டை, கத்தரி, பயித்தங்காய் பக்கம் வந்துவிடுங்கள். மிளகாய்க்கும் இந்தப் பூ உதிர்வு உண்டு, ஆனால் தக்காளி அளவுக்கு இல்லை.

மழை விஷயத்தில் கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டும். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைப் பிடித்து வைக்க முடியும், இது இயற்பியல். அதனால் பெய்கிற பெருமழை இன்னும் கடுமையாகப் பெய்ய வாய்ப்புக் கூடுகிறது என்பதும் உறுதிதான். 2017 நவம்பர் 4ஆம் தேதி பினாங்கை மூழ்கடித்த மழை, 2021 டிசம்பர் 18 வாக்கில் ஷா ஆலாமில் தாமான் ஸ்ரீ மூடாவைக் கூரை வரை மூழ்கடித்த மழை, இரண்டையும் நாம் மறக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு வெள்ளத்தையும் காட்டி "இது பருவநிலை மாற்றம்தான்" என்று சொல்வது அவசரம். அந்த இரண்டு முறையும் கடலில் உருவான ஒரு காற்றழுத்தத் தாழ்வு வழக்கமில்லாத விதமாக நம்மைத் தொட்டது, கூடவே வடிகாலும் ஆற்றங்கரைக் கட்டடங்களும் சேர்ந்துகொண்டன. அதே மாதிரி, வருடத்தின் மொத்த மழை நம் பகுதியில் கூடுமா குறையுமா என்பதில் கணிப்பு மாதிரிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. "மழைக்காலமே தள்ளிப் போய்விட்டது" என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் ஏற்பதில்லை. எல் நினோ வருடங்களிலும், அதற்கு எதிராகக் கடல் குளிர்கிற லா நினா வருடங்களிலும் பருவம் முன்பின்னாக ஆடுவது எப்போதும் இருந்ததுதான். இரண்டு மூன்று வருட நினைவை வைத்துப் பருவம் மாறிவிட்டது என்று முடிவுகட்ட முடியாது.

உங்கள் செடி தீபாவளி மழையில் அழுகியதற்குக் காரணம் மழையின் மொத்த அளவைவிட, அரை மணி நேரத்தில் வந்த வேகமும் அது வடியாமல் நின்றதும்தான் என்பது என் எண்ணம். தாமான் வீடுகளில் மண் என்று இருப்பது பெரும்பாலும் கட்டுமானத்தின்போது கொட்டிய செம்மண் களி, நடுவில் செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும். முருங்கை பக்கத்தில் ஓரடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி நிறையத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சில மணி நேரத்தில் இறங்கிவிட்டால் கவலை இல்லை, மறுநாள் காலையிலும் தேங்கி நின்றால் எந்த மாதத்தில் விதைத்தும் பயனில்லை, மண்ணை ஒன்றரையடி உயர்த்திப் பாத்தி போட வேண்டும். பாலிபேக்கில் அடிப்பக்க ஓட்டை சிமெண்டுத் தரையோடு ஒட்டி அடைத்துக்கொண்டிருக்கும், இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். கலவையில் மூன்றில் ஒரு பங்கு கருக்கிய உமியோ தேங்காய் நார்த்தூளோ சேருங்கள். மண் மேல் காய்ந்த இலையோ வைக்கோலோ பரப்புங்கள், பெருமழையில் மண் தெறித்து இலையில் ஒட்டும்போதுதான் பூஞ்சை வித்துகள் ஏறுகின்றன. பழுத்த மிளகாயில் குழி விழுந்து வளையம் வளையமாகக் கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது அப்படிப் பரவுகிற நோய். அப்புறம், கனமழை உரத்தைக் கழுவிக்கொண்டு லோங்காங்கில் (வடிகால் கால்வாயில்) சேர்த்துவிடும், ஆகையால் மழை மாதங்களில் ஒரே தடவை அள்ளிப் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். நம் மண் இயல்பாகவே புளிப்பு, டோலமைட் சுண்ணாம்பு ஒரு கைப்பிடி அவ்வப்போது தேவைப்படும்.

வறண்ட மாதங்களில் பிரச்சினை வேறு விதம். கறுப்புப் பாலிபேக் மேற்கு வெயிலில் நின்றால் உள்ளே மண் வெந்துபோகும், வேர் விளிம்பிலிருந்து கருகிக்கொண்டு வரும். பைகளை நெருக்கி வைத்து, வெளி வரிசைக்கு ஒரு பலகையோ பழைய சாக்கோ மறைப்புக் கொடுங்கள், மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை நிழல்வலை போதும். இரண்டு மணி வெயிலில் மிளகாய் இலை தொங்கினால் பதறி ஊற்றாதீர்கள், சாயங்காலம் நிமிர்ந்தால் அது இயல்பு. காலை ஏழு மணிக்கே தொங்கியிருந்தால்தான் வேரில் கோளாறு. மழை இல்லாத வாரங்களில் பூச்சியும் கூடும், ஏனென்றால் இலையைக் கழுவிவிட மழை இல்லை. நுனி இலை மேல்நோக்கிப் படகு போலச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்து தடித்தால் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன். இரண்டுக்கும் மருந்து வேறு. காலையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதே பாதி வேலையை முடிக்கும், மருந்து வாங்குவதற்கு முன் ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் புகைமூட்டம் வந்தால், 2015இலும் 2019இலும் வந்த மாதிரி, வெளிச்சம் குறைந்து வளர்ச்சி நின்றுபோகும், அதற்கு உரம் போட்டுப் பயனில்லை, இலையைக் கழுவிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

தோட்டத்தோடு சேர்ந்து வீட்டுக்குள் வருகிற ஆபத்து ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. டெங்கி. 2019இல் இந்த நாட்டில் 1,30,000 பேருக்கு மேல் பதிவானது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற வரை ஒரு வாரம், பத்து நாள் போதும், இந்தச் சூட்டில் அது இன்னும் சுருங்கும். முட்டை காய்ந்த தட்டில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு கிடந்து, அடுத்த மழைத் தண்ணீர் பட்டதும் பொரியும். ஆகவே தொட்டிக்கு அடியில் தட்டே வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் வாரம் ஒருமுறை கவிழ்த்து, விளிம்பைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள், வெறுமனே ஊற்றிவிட்டால் முட்டை ஒட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீர் வெட்டுக்குப் பயந்து நிரப்பி வைக்கிற வாளி, மழைநீர் பீப்பாய், கூரை ஓரத்துத் தகரக் குழாய், எல்லாம் இதில் அடக்கம். 2014இல் சிலாங்கூரில் பங்கீட்டு முறையில் தண்ணீர் விட்டது நினைவிருக்கும், மழைநீர் சேர்ப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் வாயில் மெல்லிய வலை கட்டாத பீப்பாய் வேண்டாம்.

இனி எப்போது விதைப்பது. கோலாலம்பூர் மிளகாய்க்கு என் கணக்கு: மார்ச்சில் கூரைக்கு அடியில் நாற்றுவிட்டு, ஏப்ரல் கடைசியில் பையில் மாற்றினால், மழை ஓய்கிற ஜூன், ஜூலையில் காய் பிடிக்கும், அப்போது நோய் குறைவு, தண்ணீர் மட்டும் நீங்கள் கொடுக்க வேண்டும். இன்னொரு முறை, நவம்பரில் நாற்று, டிசம்பர் கடைசியில் நடவு, பிப்ரவரி மார்ச்சில் அறுவடை. வெண்டையும் பயித்தங்காயும் அவ்வளவு கணக்குப் பார்க்காது, வடிகால் இருந்தால் எப்போதும் வரும். கங்கோங் கீரை மழையை விரும்பும். கறிவேப்பிலைக்கு வெயில் பிடிக்கும், ஈரம் தேங்கினால் பிடிக்காது, மழை உச்சத்தில் அதை நட வேண்டாம். அம்மா வடகம், மோர்மிளகாய் காயவைக்கிறவராக இருந்தால் ஜனவரி பிற்பாதியும் பிப்ரவரியும் அதற்கு ஏற்ற நேரம், மற்ற மாதங்களில் மத்தியானம் இரண்டு மணிக்குள் எடுத்து உள்ளே வைத்துவிடச் சொல்லுங்கள்.

படம் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது: அழுகிய செடிகள் வெறும் தண்ணீர் தேங்கியதால் செத்தனவா, இல்லை மண்ணில் பாக்டீரியா வாடல் நோய் இருக்கிறதா என்பது. இலை பச்சையாக இருக்கும்போதே ஒரே நாளில் செடி முழுதும் துவண்டிருந்தால் எனக்கு அந்த நோயின் மேல்தான் சந்தேகம் வரும். அடுத்த முறை அப்படி ஒரு செடி விழுந்தால், அடித்தண்டை ஒரு விரல் நீளம் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து வெட்டு முனை மட்டும் நனைகிற மாதிரி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் போல வெள்ளை நூல் கீழே இறங்கினால் அதுதான். அந்த மண்ணில் மிளகாய், தக்காளி, கத்தரி மூன்றையும் வைக்காதீர்கள், அந்தப் பைகளின் மண்ணை நல்ல பைகளோடு கலக்கவும் வேண்டாம், வெட்டிய கத்தியைக் கழுவிவிடுங்கள். வெள்ளை எதுவும் வரவில்லை, வேர் மட்டும் பழுப்பாகக் கொழகொழவென்று இருக்கிறது என்றால் வடிகாலைச் சரிசெய்துவிட்டு மார்ச்சில் தைரியமாக நாற்றுவிடுங்கள். இரண்டில் எது வந்தது என்று எழுதுங்கள், கூடவே அந்தக் குழியில் தண்ணீர் எவ்வளவு நேரம் நின்றது என்பதையும் சொல்லுங்கள், அதை வைத்துப் பாத்திக்கு எவ்வளவு மண் வேண்டும் என்று சொல்கிறேன்.